காதால் பார்த்த மெஷின்கள்

திருச்சி நந்திக் கோவில் தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த டைப்ரைட்டர் ரிப்பேர் கடையில் 1974-ல் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளி மெஷினை உடனே திறக்க மாட்டார். என்னை எதிரே உட்கார வைத்து, "அடிடா" என்பார். வெற்றிலையை மென்றபடி கண்ணை மூடிக் கேட்பார். "ரோலர் கல்லாயிடுச்சு" என்பார், இல்லையென்றால், "ஸ்பேஸ் பார் கம்பி லொடலொடங்குது." திறந்து பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

"யார் அடிக்கிறாங்கன்னு பாக்காதே, அடி எங்க விழுதுன்னு பாரு." அவர் சொல்லித் தந்த வித்தையெல்லாம் இந்த ஒரு வரிதான்.

டைப்ரைட்டரில் அடி விழுவது ரோலரில். புது ரோலரின் ரப்பரில் நகத்தை அழுத்தினால் லேசாக அமுங்கும். எழுத்துக் கம்பி வந்து மோதும்போது அந்த ரப்பர் அடியைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். பத்துப் பதினைந்து வருஷ வெயிலும் தூசும் பட்டால் ரப்பர் இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு எழுத்தும் சுத்தியல் அடிதான்; இங்கிலீஷ் 'ஓ' விழும் இடத்தில் தாளில் பொத்தல் விழும். ரோலர் மாற்றக் காசில்லாதவர்கள் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் வைத்து அடிப்பார்கள். சத்தமும் குறையும், பொத்தலும் குறையும்.

அடுத்தது மேஜை. கனமான தேக்கு மேஜையில் சாதுவாக இருக்கும் மெஷினைப் பலகைப் பெட்டி மாதிரி உள்ளே கூடான மேஜையில் வைத்தால் தவில் வாசிக்கும். அதற்குத்தான் அடியில் ஃபெல்ட். கடையில் கால் அங்குல ஃபெல்ட்டை அளவு வெட்டிக் கொடுப்பது என் வேலை. மெஷினின் ரப்பர் கால் நாலில் ஒன்று தேய்ந்திருந்தாலும் போதும், மொத்த மேஜையும் கூடச் சேர்ந்து ஆடும்.

எங்கள் பிழைப்பு பெரும்பாலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளால் நடந்தது. காலை ஆறு மணி பேட்ச் தொடங்கினால் தெருவே விழித்துக்கொள்ளும். ஒரே நீள பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு மெஷின். ஒருத்தர் அடிப்பது பக்கத்து மெஷினின் ரிப்பன் மூடியில் அதிரும். அதற்குள்ளேயும் மாஸ்டர் கேட்டுக்கொண்டிருப்பார். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் அடிக்கும்போது சுண்டு விரல் விழும் 'ஏ' மட்டும் சோகையாகக் கேட்டால், திரும்பிப் பார்க்காமலே, "மூணாவது மெஷின், சுண்டு விரல்!" என்பார். பரீட்சை வந்தால் மெஷின்களை வேனில் ஏற்றி சென்டருக்குக் கொண்டுபோவோம். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. மணி அடித்ததும் அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் தொடங்கும் அந்த முதல் விநாடியைத் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை கேட்டவர்களிடம்தான் சொல்ல முடியும்.

தமிழ் பேட்ச் கேட்பதற்கே வேறு மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூர் போன ஆர். முத்தையா தமிழுக்கு விசைப்பலகை வகுத்தவர். இத்தனை எழுத்தை அந்தச் சின்ன மெஷினுக்குள் அடக்கியாக வேண்டும். ஆகவே புள்ளிக்குத் தனி விசை; அதை அடித்தால் கேரியேஜ் நகராது. அடி கேட்கும், நகரும் 'டிக்' கேட்காது. அதனால் தமிழ் மெஷினின் தாளத்தில் நடுநடுவே ஒரு நொண்டி இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஒருமுறை ஒரு வக்கீல் வீட்டுப் பரணிலிருந்து ரெமிங்டன் நாய்ஸ்லெஸ் ஒன்று வந்தது. சத்தமில்லாத மெஷின் வேண்டும் என்று அமெரிக்காவில் வெலிங்டன் கிட்டர் என்பவர் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த அமைப்பு. அதைத் தயாரித்த கம்பெனி 1924-ல் ரெமிங்டனோடு சேர்ந்தது. மற்ற மெஷினில் எழுத்துக் கம்பி பறந்து வந்து அறையும். இதில் தாளுக்கு அருகே வந்ததும் வேகம் தணிந்து, எழுத்து அழுந்தி மட்டும் எடுக்கும். முதலாளி அதைப் பக்குவமாகத் துடைத்துவிட்டு, "இது நம்ம ஊருக்கு ஆகாதுடா" என்றார். கார்பன் வைத்து ஐந்தாறு காப்பி எடுப்பது நம் ஆபீஸ் வழக்கம். மெல்ல அழுத்தினால் கடைசிக் காப்பி வெறும் நிழல். அறைந்தால்தான் ஆறாவது தாளில் எழுத்து விழும். சத்தம் காப்பிக்குக் கொடுத்த விலை.

இதைவிட வேடிக்கை பிறகு நடந்தது. கம்ப்யூட்டரில் தாளும் இல்லை, ரோலரும் இல்லை. சத்தத்துக்கு அவசியமே இல்லை. ஆனால் 1970-களில் ஐபிஎம் தன் டெர்மினல்கள் சிலவற்றின் கீபோர்டுக்குள் ஒவ்வொரு அடிக்கும் தட்டுவதற்கென்றே ஒரு சின்ன சோலினாய்டை வைத்தது. டைப்ரைட்டரில் பழகியவர்களுக்கு அந்தத் தட்டு கேட்காவிட்டால் எழுத்து விழுந்த நம்பிக்கை வரவில்லை. பின்னால் வந்த ஐபிஎம்மின் மாடல் எஃப், மாடல் எம் கீபோர்டுகளில் விசைக்கு அடியிலிருக்கும் ஸ்பிரிங்கே பாதி வழியில் மடங்கிச் சுவரில் அடித்து அந்த வேலையைச் செய்தது.

1955-ல் டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்த கோத்ரேஜ் 2009-ல் நிறுத்தியது. நான் அதற்கு முன்பே கடையைக் காலி செய்திருந்தேன்.

போன மாதம் தங்கை மகன் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு கொண்டுவந்தான். நீல ஸ்விட்ச், உள்ளே ஒரு துண்டு தனியாகக் குதித்து 'க்ளிக்' என்கிறது. ராத்திரி வேலை செய்தால் வீட்டில் யாரும் தூங்க முடியவில்லையாம். "சிவப்பு ஸ்விட்ச் போட்டா அந்த க்ளிக் போயிடும் மாமா. அப்புறம் அடியில மோதுறதும் திரும்பி மேல வந்து மோதுறதும் மட்டுந்தான் கேக்கும்" என்றான். உலோகத் தகடா, பிளாஸ்டிக் தகடா, பெட்டி கூடா, உள்ளே ஸ்பாஞ்ச் உண்டா என்று அவன் அடுக்க அடுக்க, நான் எழுந்து போய்ப் பழைய ஃபெல்ட் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துவந்து கீபோர்டுக்கு அடியில் போட்டேன். மேஜை போட்ட சத்தம் அடங்கியது. க்ளிக் அப்படியே இருந்தது.

"ஸ்பேஸ் பார் கம்பி லொடலொடங்குது," என்றேன். பையிலிருந்து ஒரு சிமிழை எடுத்தான். அதற்கென்றே விற்கிற கிரீஸாம். கம்பி முனை இரண்டிலும் தீக்குச்சியால் தொட்டு வைத்தேன், லொடலொடப்பு நின்றது. சிமிழின் விலையைச் சொன்னான். நான் மூடியை இறுக்கித் திருகி அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்.