நன்னீர் மீன்களின் உறுப்புகளில் பூச்சிக்கொல்லிகளின் விளைவுகள்

வயல்களில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லிகள் நீர்நிலைகளைச் சென்றடைந்து, நன்னீர் மீன்களின் செவுள், கல்லீரல், சிறுநீரகம், மூளை, இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றில் பலவகை மாற்றங்களை ஏற்படுத்துகின்றன. மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பது கடும் நச்சுத்தன்மையின் அடையாளம் ஆகும். எனினும், கொல்லாத அளவிலுள்ள நஞ்சும் உறுப்புகளைச் சிதைக்கக்கூடும். எனவே உயிருடன் நீந்தும் மீன்கள் யாவும் நலமுடன் உள்ளன எனக் கொள்ள இயலாது.

நீர்நிலைகளை அடையும் வழி

விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், வைப்பாற்றுப் படுகையில் அமைந்துள்ளன. இங்கு நெல், பருத்தி, கரும்பு, தென்னை, மா முதலியன பயிராகின்றன. மலையோடைகளின் நீர் கண்மாய்களில் தேங்குகிறது. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது அந்நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. வயல்களின் வடிகால் நீரும் இத்தொடரில் கலக்கிறது. ஆகவே ஓரிடத்தில் தெளித்த மருந்து தொலைவிலுள்ள கண்மாயையும் அடையக்கூடும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கண்மாய்கள் நிறைகின்றன. நெற்பயிருக்கு மருந்து தெளிக்கப்படுவதும், விரால் முதலிய மீன்கள் முட்டையிடுவதும் பெரும்பாலும் இதே காலத்தில் நிகழ்கின்றன.

உறுப்புகளில் விளைவுகள்

செவுள்கள்: நீருடன் நேரடித் தொடர்பு உள்ளதால் முதலில் பாதிக்கப்படும் உறுப்பு இதுவே. செவுள் இழைகளின் மேற்தோல் விலகுகிறது. செல்கள் மிகையாகப் பெருகி இழைத்தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. சளி அதிகம் சுரக்கிறது. இதனால் ஆக்சிசன் உறிஞ்சல் குறைந்து, மீன் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து மூச்சுவிடுகிறது.

கல்லீரல்: நச்சு நீக்கம் இங்கு நடைபெறுவதால் செல்களில் நுண்குமிழிகளும் கொழுப்புத் தேக்கமும் தோன்றுகின்றன. பாதிப்பு முற்றினால் செல்கள் இறக்கின்றன.

சிறுநீரகம்: நுண்குழல்கள் சிதைகின்றன. உடலின் உப்பு, நீர்ச் சமநிலை குலைகிறது.

மூளை: மானோகுரோட்டபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற கரிமப் பாசுபரசு சேர்மங்கள் அசிட்டைல்கோலினெசுடரேசு என்னும் நொதியைத் தடுக்கின்றன. இதனால் மீன் நிலைதடுமாறிச் சுழன்று நீந்துகிறது. இரை தேடவும் எதிரியிடமிருந்து தப்பவும் இயலாமல் போகிறது.

இனப்பெருக்க உறுப்புகள்: முட்டைகள் முதிராமல் சிதைகின்றன, விந்தகத் திசுக்களும் பாதிப்படைகின்றன. மீன்கள் இறக்காமலேயே அடுத்த தலைமுறை குறைகிறது.

நச்சுத்தன்மையை அளவிடல்

சோதனைக்குட்பட்ட மீன்களில் பாதியை 96 மணி நேரத்தில் கொல்லும் செறிவு, 'பாதி கொல் செறிவு' எனப்படும். சைப்பர்மெத்ரின் என்ற பைரித்ராய்டு மருந்திற்கு இவ்வளவு பல மீன் இனங்களில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கும் குறைவு. பறவைகளும் பாலூட்டிகளும் இதை விரைவில் சிதைத்து வெளியேற்றுகின்றன. மீன்களால் அவ்வாறு இயலுவதில்லை. கொல்லாத செறிவின் விளைவை அறிய, திசுக்களை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்கின்றனர்.

சட்ட நடவடிக்கைகள்

இந்தியாவில் பூச்சிக்கொல்லிகள் 1968 ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. மீன்களின் கொழுப்புத் திசுக்களில் சேரக்கூடிய எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று இடைக்காலத் தடை விதித்தது. போரேட், டிரைஅசோபாஸ் உள்ளிட்ட மருந்துகள், 2018 ஆம் ஆண்டின் ஆணைப்படி 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டன.

தடுப்பு முறைகள்

மழை வரும் அறிகுறி உள்ளபோது தெளிக்காதிருத்தல், தெளித்தபின் வயல்நீரைச் சில நாட்கள் வடிக்காதிருத்தல், கரையோரத்தில் புல்வரம்பு விடுதல், தெளிப்பான்களையும் காலிப் புட்டிகளையும் கண்மாயில் கழுவாதிருத்தல் ஆகியவை பாதிப்பைக் குறைக்கும். விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல் ஆகியவற்றைப் பயன்படுத்தும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை, மருந்தின் தேவையையே குறைக்கிறது.