ஒளியின் பங்கீடு: றெம்பிராண்டின் ‘இராக்காவல்’ ஓவியம் பற்றிய ஒரு நோக்கு

கரிய பின்னணியில் ஒளிபெற்று நிற்கும் உருவத்தையே நமது கண் முதலிற் சென்றடைகின்றது. ஓவியர் இதனை நெடுங்காலமாக அறிந்து பயன்படுத்தி வந்துள்ளனர். எனினும், எவ்வுருவத்துக்கு ஒளி வழங்குவது, எதனை நிழலில் விடுவது என்னும் வினா கலைநுட்பம் பற்றியது மட்டுமன்று. சமூக உறவுகளையும் சார்ந்தது. றெம்பிராண்ட் 1642இல் நிறைவுசெய்த ‘இராக்காவல்’ இதற்குத் தக்க சான்றாகும்.

17ஆம் நூற்றாண்டின் அம்ஸ்ரடாம் வணிகர்களின் நகரம். கடல் வாணிகத்தாற் செல்வம் ஈட்டியோரே அங்கு ஓவியருக்குப் பெரும் புரவலராயினர். (1640இல் காலியைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் தொடக்க முதலிற் பாதிக்கு மேற்பட்டது இந்நகரத்திலேயே திரட்டப்பட்டது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.) இவ்வணிகர் சேர்ந்திருந்த நகர்க் காவற்படைகள் போரிலும் பார்க்க விருந்துக்கும் அணிவகுப்புக்குமே பெரிதும் கூடின. தமது மண்டபங்களில் தொங்கவிடுவதற்கு அவை குழு ஓவியங்களை வரைவித்தன. செலவை உறுப்பினர் பகிர்ந்துகொண்டனர். ஆகவே, பணம் கொடுத்தவர் ஒவ்வொருவரின் முகமும் தெளிவாகத் தெரியவேண்டும் என்பது எழுதா விதி. அதே மண்டபத்துக்கு வான் டெர் ஹெல்ஸ்ற் தீட்டிய ஓவியத்திலே படையினர் நீண்ட வரிசையில், ஏறத்தாழச் சமமான ஒளியில் நிற்கின்றனர்.

றெம்பிராண்ட் இவ்விதியை மீறினார். கரவாஜியோ உரோமாபுரியில் வளர்த்த ஒளி, இருள் முறை, இத்தாலி சென்று மீண்ட ஒல்லாந்த ஓவியர் வழியாக அவரை வந்தடைந்திருந்தது. படைத்தலைவர் பன்னிங் கொக் கரிய உடையில் நிற்கிறார். அக்கருமை பின்னணியில் மூழ்கிவிடாதவாறு சிவப்புக் கச்சையும் வெண்ணிறக் கழுத்துப்பட்டியும் அவரைப் பிரித்துக் காட்டுகின்றன. அருகே உபதலைவர் மஞ்சள் உடையில் ஒளிர்கிறார். தலைவரின் நீட்டிய கையின் நிழல் அம்மஞ்சள் அங்கியின்மேல் விழுகின்றது. கட்டளையிடுபவர் யார், ஏற்பவர் யார் என்பதை அந்நிழலே உணர்த்திவிடுகின்றது. அவர்களுக்கு இடப்புறத்தே, கூட்டத்தின் நடுவில், ஒரு சிறுமி. படையினர் பலரிலும் பார்க்க அவள்மீதே ஒளி செறிந்துள்ளது. அவள் இடையிலே தொங்கும் கோழியின் நகங்கள் அப்படையின் சின்னத்தைக் குறிப்பன என்பர். அவள் பணம் கொடுத்தவளல்லள். பணம் கொடுத்தவர் சிலரோ பிறரது தோளுக்கும் கைக்கும் பின்னே பாதி முகத்துடன் நிற்கின்றனர்.

இப்பங்கீட்டின் பொருளியற் பக்கத்தை ஓர் ஆவணம் வெளிப்படுத்துகின்றது. 1656இல் றெம்பிராண்ட் கடனிறுக்க இயலாது போனபின் எழுந்த வழக்கிலே, ஓவியத்தில் இடம்பெற்றவருள் ஒருவர் 1659இற் சாட்சியமளித்தார். 16 பேர் ஆளுக்கு ஏறத்தாழ 100 கில்டர் கொடுத்ததாகவும், அவரவர் பெற்ற இடத்துக்கேற்ப அத்தொகை கூடியும் குறைந்தும் இருந்ததாகவும் அவர் கூறினார். இதனைக் கொண்டு, உறுப்பினர் சினந்து ஓவியத்தை நிராகரித்தனர் என்று கொள்வது தவறு. பின்வந்தோர் புனைந்த அக்கதைக்கு ஆதாரமில்லை. ஓவியம் மண்டபத்திலேயே தொங்கியது. கலைஞனை வணிகச் சமூகத்தின் பலியாகக் காட்டும் ஆர்வம் (முற்போக்கு விமர்சகரிடத்தும் இஃது உண்டு) இங்கே சான்றை மீறிவிடுகின்றது. அவருடைய மாணவர் ஹோக்ஸ்றாற்றன் 1678இல் இவ்வோவியத்தைப் பெரிதும் உயர்த்திப் பேசிய இடத்திலேயே, ஆசிரியர் இன்னும் சற்று ஒளி ஏற்றியிருக்கலாம் என்று குறைப்பட்டமை மட்டும் கவனிக்கத்தக்கது.

‘இராக்காவல்’ என்ற பெயரும் ஓவியர் இட்டதன்று. வார்ணிசு கறுத்தமையாற் பகற்காட்சி இரவுக்காட்சியெனக் கொள்ளப்பட்டது. 1946-47இல் துப்புரவு செய்தபோதே பகலொளி மீண்டது. 1715இல் நகரமண்டபத்துக்கு மாற்றியபோது, சுவரின் அளவுக்குப் பொருந்தும்படி ஓவியத்தை நாற்புறமும் வெட்டினர். இடப்புறத்தில் நின்ற ஆடவர் இருவர் அதனோடு மறைந்தனர். வெட்டப்படுமுன் செய்யப்பட்ட சிறு பிரதியை நோக்கின், தலைவரும் உபதலைவரும் முதலில் நடுவிலன்றிச் சற்று வலப்புறம் ஒதுங்கி நின்றமை தெரிகின்றது. இன்று அவர்கள் ஓவியத்தின் நடுவில் நிற்பது அவ்வெட்டின் விளைவே.