கிடுகு வேலியும் கூத்துக் களரியும்

போரில் வீடு வளவை இழந்தவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, அந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டார் ஓவியர் தா. சனாதனன். அவர்கள் கீறிய கோடுகளைக் கட்டடக்கலை அளவுப்படங்களாக மாற்றி, தம்முடைய ஓவியங்களையும் அவர்களின் கதைகளையும் பக்கத்தில் வைத்து 2011 இல் நூலாக்கினார். 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்பது அதன் பெயர். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரைத் தாங்கிய இந்நூலில் பதிவானவை, திரும்ப முடியாமற்போன வளவுகள்.

யாழ்ப்பாண நகரை அடுத்த அரியாலைக்கு இந்த நூலின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறியபோது, கண்டி வீதி வழியே நாவற்குழியை நோக்கி நகர்ந்த சனம் அரியாலையின் ஓரத்தால்தான் போனது. 2000 ஆம் ஆண்டுச் சண்டைகளில் அரியாலையின் கிழக்குப் பகுதியே போர்முனையாயிற்று. பின்னர் மக்கள் திரும்பினார்கள். வீடுகள் எழும்பின. கோயில்களில் கொடியேறியது. ஆனால் ஊரவர் சேர்ந்து செய்த வேலைகளும் சேர்ந்து ஆடிய ஆட்டங்களும் வீடுகள் மீண்ட வேகத்தில் மீளவில்லை. அவற்றை எப்படி மீட்பது என்பதே இக்கட்டுரை கேட்கும் கேள்வி.

பதிலை வேலியிலிருந்து தொடங்கலாம். பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை வரிசையாக நட்டு, குறுக்கே வரிச்சுப் பிடித்து, மேலே கிடுகையோ பனையோலையையோ வைத்துக் கட்டுவதே யாழ்ப்பாணத்து வேலி. இதை ஒருவர் தனியே அடைக்க முடியாது. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே நிற்பவர் கயிறு கோத்த குத்தூசியை ஓலைக்கூடாகச் செலுத்துவார். வெளியே நிற்பவர் கயிற்றை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பிக் கொடுப்பார். வளவு முழுவதையும் அடைத்து முடிக்கும்வரை இருவருக்கும் பேச்சு நடக்கும். கதியால்கள் வேர்விட்டுத் தழைத்தால் ஆட்டுக்குக் குழை, தோட்டத்துக்குப் பசளை. உக்கிய கிடுகும் மண்ணுக்கே போகும். தென்னோலையை ஊறப்போட்டுப் பின்னியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த வருமானத்தில் அடுப்பெரிந்த வீடுகள் பல.

வேலிக்கு வாயில் வைத்த விதமும் கவனிக்கத்தக்கது. சங்கடப்படலை என்பது கூரை போட்ட வாயில். சிலவற்றில் இருபுறமும் திண்ணை இருக்கும். வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் ஒதுங்கி நிற்கவென்று, வீட்டுக்காரர் தம் காணியின் விளிம்பைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்த இடம் அது. தெருவோரத்துச் சுமைதாங்கி, மாடு உடம்பைத் தேய்க்க நட்ட ஆவுரஞ்சிக்கல், கேணி, மடம் எல்லாம் இந்த வரிசையில் வருபவை. பொது நன்மைக்கான வடிவமைப்பு என்று இன்று கல்லூரிகளில் படிப்பிக்கப்படும் பாடத்தை, ஊர் மேசனும் தச்சனும் தெருவில் செய்து வைத்திருந்தார்கள். இப்போது படலை நின்ற இடத்தில் இரும்புக் கேற்றும் கதியால் நின்ற இடத்தில் சீமெந்து மதிலும் நிற்கின்றன. மதில் கட்டியவர்களைக் குறைகூற நியாயமில்லை. ஆண்டுதோறும் கிடுகு வாங்கிக் கூலி கொடுத்து அடைப்பது பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. இடம்பெயர்ந்து அலைந்தவர்கள் உறுதியான ஒன்றை விரும்பினார்கள்.

எதை எப்படிக் கட்டுவது என்பதைச் சனமே தீர்மானிப்பது பற்றிப் போருக்குப் பிந்திய வீடமைப்பு ஒரு தெளிவான பாடத்தைத் தந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் பெரும்பாலான குடும்பங்கள் 550,000 ரூபா மானியத்தைப் பகுதி பகுதியாகப் பெற்று, தாங்களே மேசன் பிடித்துக் கட்டின. பணம் போதவில்லை, கடன் ஏறியது என்ற முறைப்பாடுகள் உண்மை. ஆனாலும் அடுப்படி எந்தப் பக்கம், வாசல் எத்திசை, கிணற்றடிக்கு எவ்வளவு தூரம் என்பதை வீட்டுக்காரர் தீர்மானித்தார். அதன்பின் வடக்கு, கிழக்குக்கென 65,000 எஃகுப் பொருத்து வீடுகள் முன்மொழியப்பட்டன. ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. இந்த வெக்கைக்கு அது பொருந்தாது, விறகடுப்புக்கு இடமில்லை, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலையில்லை என்று பொறியியலாளர்களும் மக்களும் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. தங்கள் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் சனம் இவ்வளவு அக்கறையோடு வாதாடியது பண்பாட்டுச் செய்தியாகவும் பதியப்பட வேண்டும்.

கூத்தின் கதைக்கு வருவோம். 1956 இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கின் போக்கையே மாற்றியது. அதற்கு அடித்தளமான நாடகம என்ற வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. சரச்சந்திர பணியாற்றிய பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைக் கையிலெடுத்தார். 1960களில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவை மேடையேறின. விடிய விடிய ஆடிய கூத்து சுருங்கி, படித்தவர்கள் வந்து பார்க்கும் கலையாயிற்று. பாடசாலைகளுக்குள் கூத்து நுழைந்தது. நாட்டுப்புறத்தார் ஆட்டமென்று ஒதுக்கப்பட்டிருந்ததற்கு அவர் தேடிக் கொடுத்த மதிப்பு மிகப் பெரியது.

ஆனால் மேடைக்கு ஏறியபோது கூத்து ஒன்றை விட்டுவிட்டு வந்தது: ஊரின் நடுவே நிலத்தில் போடும் ஆடுகளமான களரியை. மட்டக்களப்பில் ஒரு கூத்து அரங்கேறுமுன் சட்டங் கொடுத்தல், கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று மாதக்கணக்கில் சடங்குகளும் பழக்கங்களும் நடக்கும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்குச் சாப்பாடு ஒரு வீட்டில், உடுப்பு வேலை இன்னொரு வீட்டில். அரங்கேற்றத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். பார்வையாளர் என்று தனியே ஒரு கூட்டம் அங்கில்லை. இதை உணர்ந்தே, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டக்களப்பின் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஊர்மக்களோடு அமர்ந்து 'கூத்து மீளுருவாக்கம்' என்ற பணியைத் தொடங்கினார்கள். வெட்டிச் சுருக்குவதை விட்டு, ஊரின் நடுவே களரி போட்டு முழுக்கூத்தாக ஆட வைத்தார்கள். பெண்களையும் சாதியையும் பற்றிப் பழைய கூத்துப் பாட்டுகள் சொன்னவற்றை ஊரவரோடு பேசி, விவாதித்து மாற்றினார்கள்.

இந்தக் கடைசி விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழையதை மீட்கிறோம் என்று புறப்படுபவர்கள், பழைய ஊரில் யார் எந்தப் படலைக்குள் வரலாம், யார் களரிக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்றிருந்ததையும் நினைக்க வேண்டும். கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறைகளாக நீதிமன்றம் ஏறிய குடும்பங்களும் இந்த மண்ணில்தான் இருந்தன. மரபு வடிவத்துக்குச் சாதி ஒதுக்கலை எதிர்க்கும் வலுவும் உண்டு. ஆலயப் பிரவேசப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த 1960களின் இறுதியை ஒட்டி, காத்தவராயன் கூத்தின் மெட்டிலேயே 'கந்தன் கருணை' தீண்டாமைக்கு எதிராக ஆடப்பட்டது. ஊர்ச் சனம் அந்த மெட்டை அறிந்திருந்ததால் சொன்ன செய்தி நேரே போய்ச் சேர்ந்தது.

கத்தோலிக்கக் கூத்து மரபிலிருந்தும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நீ. மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், போர்க்காலத்திலும் யாழ்ப்பாணத்தில் நாடகத்தையும் பயிற்சியையும் நிறுத்தவில்லை. 'கலைமுகம்' இதழை நடத்தியது. பல சமயத்தாரும் அதன் மேடையில் ஏறினார்கள். நிறுவனம் நீடித்ததற்குப் பயிற்சியை விடாப்பிடியாகத் தொடர்ந்தது பெரிய காரணம்.

கடலுக்கு அப்பாலும் ஒரு தீவு நாடு இதே கவலையோடு வழி தேடியிருக்கிறது. பிலிப்பைன்ஸ் 1992 இல் ஒரு சட்டம் இயற்றி, மரபுக் கலைஞர்களுக்குத் தேசிய விருதும் மாதாந்தக் கொடுப்பனவும் வழங்கத் தொடங்கியது. வாங்குபவருக்கு ஒரு கடமை உண்டு: தம் கலையை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். மிண்டனாவோ தீவில் செபு ஏரிக்கரையில் வாழ்ந்த தெபோலி இனத்து நெசவாளர் லாங் டுலாய் 1998 இல் அந்த விருதைப் பெற்றார். அபாக்கா என்ற வாழையினத்து நாரில் 'டினாலாக்' துணி நெய்வதை அவர் தம் ஊர்ப் பெண்களுக்குப் பழக்கினார். 'வாழும் மரபுப் பாடசாலைகள்' என்ற பெயரில் அந்நாட்டின் பழங்குடி ஊர்கள் பலவற்றில் முதியவர்களே ஆசிரியர்களாக இருந்து ஆட்டமும் பாட்டும் நெசவும் கற்பிக்கிறார்கள். வகுப்பறை அவர்களுடைய ஊரிலேயே இருக்கிறது. நமக்குப் பனை இருக்கிறது. சார்வோலையில் பாய், கடகம், சுளகு, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி எல்லாம் இழைக்கத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் ஆசிரியர் என்ற மதிப்போடு எந்தப் பாடசாலைக்கும் அழைக்கப்படுவது அரிது.

அரியாலையில் இதைத் தொடங்கப் புதிதாக ஒரு நிறுவனம் தேவையில்லை. ஊரின் சனசமூக நிலையங்கள் வாசிகசாலையாகவும் விளையாட்டுக் கழகமாகவும் நாடக மேடையாகவும் இருந்து பழகியவை. புத்தாண்டுக் காலத்துச் சுதேசியத் திருநாள் ஊரை ஒன்றுகூட்டி வருகிறது. புங்கன்குளத்திலிருந்து நெடுங்குளம், மாம்பழம் சந்தி வரை எஞ்சியிருக்கும் படலைகள், திண்ணைகள், கேணிகள், சுமைதாங்கிகளை உயர்தர மாணவர் ஒரு விடுமுறையில் அளந்து கீறலாம். பல்கலைக்கழகத்து நுண்கலை மாணவர் வழிகாட்டலாம். தொகுத்ததை 2005 முதல் ஈழத்து எழுத்தை இணையத்தில் சேர்த்துவரும் நூலகத் திட்டத்தில் வைக்கலாம். ஒரு நிலையத்தின் மதிலில் பத்து முழத்தையாவது விட்டு, அங்கே பிள்ளைகளின் கையால் கதியால் நட்டு வேலி அடைப்பிக்கலாம். குத்தூசி பிடிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். கூத்தைத் திருநாள் மேடையில் அரைமணி நேர நிகழ்ச்சியாக வைப்பதோடு நிற்காமல், மூன்று மாதம் முன்பே நிலையத்து வெளியில் பழக்கம் தொடங்கி, பெண் பிள்ளைகளும் ஊரின் எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் சதங்கை அணிய, நிலத்தில் களரி போட்டு ஆடலாம். இதற்கெல்லாம் செலவு உண்டு. புலம்பெயர்ந்த அரியாலையார் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் தாராளமாகக் கொடுப்பவர்கள். பழக்குபவருக்கும் கொடுக்கச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். அண்ணாவியாருக்கும் ஓலை இழைக்கும் அம்மாவுக்கும் பொன்னாடை போர்த்தி அனுப்பாமல், மாதச் சம்பளத்தை நிலையத்தின் வரவுசெலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிவிட வேண்டும்.