கொம்பு இடம் மாறிய கதை

2000களின் தொடக்கத்தில் ஒரு மாலை, திண்டிவனத்து இணைய நிலையமொன்றில் ஈழத்து நண்பர் அனுப்பிய கட்டுரையைத் திறந்தேன். 'தமிழ்' என்றிருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு அக்கணினியில் இல்லை, நிறுவவும் அனுமதியில்லை.

பாமினி, திஸ்கி, தமிழக அரசு 1999இல் அறிவித்த டாம், டாப் என்று தமிழ் சிதறிக் கிடந்த காலம் அது. கைகொடுத்தது சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றி. உலாவிக்குள்ளேயே ஓடும் சிறு நிரல். எழுதப்பட்டது ஜாவாஸ்கிரிப்டில், 1995இல் நெட்ஸ்கேப்புக்காகப் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் தந்த மொழியில். எதையும் நிறுவ வேண்டாம், ஒட்டினால் போதும்.

சூட்சுமம் கொம்பில் இருக்கிறது. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே சேமிப்பு வரிசை: 'மொ' என்றால் கொம்பு, ம, கால். யூனிகோடிலோ எழுத்துக்குப் பின்னரே உயிர்க்குறி. எனவே நீண்ட கோவைகளை முதலில் மாற்ற வேண்டும். தனி 'ம' முந்திக்கொண்டால் கொம்பு அனாதையாக நின்றுவிடும். புள்ளியில்லா ஏடுகளோடு உ.வே.சா. பட்ட பாடு நினைவுக்கு வருகிறது (சற்று மிகையான ஒப்பீடுதான்).

தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்குள் மறைந்துபோன பக்கங்கள் பல. அக்கட்டுரையை அன்றே மாற்றிப் படித்துவிட்டேன். நண்பரின் கடிதங்கள் மட்டும் ஒரு குறுந்தகட்டில் இன்னும் பாமினியிலேயே கிடக்கின்றன.