எல்லை தாண்டிய தாமரை

வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணிக் கரையில் நின்றால், சில பருவங்களில் தண்ணீரே கண்ணில் படாது. பச்சை ஜமக்காளம் விரித்து, அதன் மேல் ஊதாப் பூக்களைத் தூவி வைத்தாற் போலிருக்கும். அதுதான் வெங்காயத் தாமரை. காம்பு வெங்காயம் போல் உப்பியிருப்பதால் அந்தப் பெயர். தாமரைக்கும் அதற்கும் உறவு கிடையாது.

பிறந்தகம் தென் அமெரிக்காவின் அமேஸான் பிரதேசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பூவின் அழகுக்காகவே அதை வங்காளத்துக்குக் கொண்டு வந்தார்கள். தோட்டத்தில் இருந்தது குளத்துக்குப் போயிற்று. பிறகு கேட்பானேன்? இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. நெல் வயலும் படகு வழியும் மூடிப் போயின. முதல் மகா யுத்தத்தின்போது ஜனங்கள் அதை ‘ஜெர்மன் பாசி’ என்று வைதார்கள். பழியை எதிரி நாட்டான் தலையில் போடுவது மனசுக்கு எவ்வளவு இதம்! 1936-ல் வங்காள சர்க்கார் தனிச் சட்டமே செய்தது. 1937 தேர்தலில் அதை ஒழிப்பதாகக் கட்சிகள் வாக்குறுதி அளித்தன.

சென்னை ராஜதானியிலும் பயிர்ப் பூச்சி, நோய், களை ஆகியவற்றைத் தடுக்க 1919-லேயே ஒரு சட்டம் வந்தது. ஆனால் பாகூரும் வில்லியனூரும் அப்போது பிரெஞ்சுக்காரர் வசம். பிரெஞ்சு கிராமமும் பிரிட்டிஷ் கிராமமும் மாறி மாறிக் கிடந்த பூமி இது. சட்டம் வரப்போடு நின்றுவிடும், தண்ணீர் நிற்குமா? தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வருகிறது. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணித் தண்ணீர். 1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. ஆயினும் ஊசுட்டேரியில் ஒரு பகுதி புதுச்சேரிக்கும் மறு பகுதி தமிழ்நாட்டுக்கும் சேர்ந்தே இருக்கிறது. மேலே ஒருவர் வாய்க்காலில் விட்டெறிந்த செடி, கீழே வேறொருவர் மதகை அடைக்கிறது.

1980-களில் இந்தச் செடியைத் தின்னும் கூன்வண்டுகளை வெளிநாட்டிலிருந்து தருவித்துப் பெங்களூர் ஏரிகளில் விட்டார்கள். நல்ல பலன் கண்டது. ஆனால் வண்டு தின்று தீர்க்க வருஷக் கணக்காகும். அதுவரை மனிதன் கைதான் துணை. பூப்பதற்கு முன்பே வேரோடு வார வேண்டும். கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழை திரும்பவும் ஏரிக்குள் தள்ளிவிடும். எட்டக் கொண்டுபோய் உலர்த்தி, மக்க வைக்க வேண்டும். விதை சேற்றுக்குள் பதினைந்து, இருபது வருஷம்கூட உயிரோடு கிடக்கும். ஆகவே ஒரு தடவை வாரியதோடு வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது.

வீட்டு வாசல் தொட்டியில் அழகுக்கு இதை வளர்ப்பவர்கள் இன்றும் உண்டு. தொட்டியைக் கழுவும்போது எஞ்சியதை வாய்க்காலில் கொட்டாமல் வெயிலில் காயப்போட்டால், பாகூர்க் குடியானவருக்குப் பெரிய உபகாரம்.