வால்வு திறக்கும் நேரம்

கார் எஞ்சினைப் பற்றி நான் வானலையில் பேசியபோது நேரம் போதாமல் பாதியில் விட்டேன். "கணக்காளருக்கு எஞ்சினில் என்ன வேலை?" என்று ஓர் அன்பர் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்விதான்.

உயர்தரத்தில் வர்த்தகம் படித்த கையோடு 1989 இல் பாட்ஸ்பியோர்ட்டுக்கு மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனவன் நான். பட்டம் எல்லாம் பிறகு ஒஸ்லோவில்தான். நாலு பேர் காசு போட்டு ஒரு பழைய கார் வைத்திருந்தோம். மாரியில் புயல் அடித்தால் மலைப்பாதையில் தனியே போக விடமாட்டார்கள். பனி அகற்றும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் போகவேண்டும். காத்து நிற்கும்போது பூனைபோல உறுமும் எஞ்சின், ஏற்றத்தில் மிதித்தால் மூச்சுவாங்கும். ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

காரணம் வால்வு. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு உள்வால்வும் செக்கனுக்கு 50 தடவை திறந்து மூடும். அந்த வேகத்தில் உள்ளே பாயும் காற்றுக்கு உந்தம் உண்டு. ஆகவே வால்வைப் பிந்தி மூடினால் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே புகும். மெதுவாக ஓடும்போது அதே பிந்தல், உள்ளே வந்த காற்றை வெளியே தள்ளிவிடும். வால்வைத் தள்ளும் காம் தண்டோ ஒரே வடிவில் வார்த்த இரும்பு. எந்த வேகத்துக்கு நல்லது என்று ஒருமுறைதான் தீர்மானிக்கலாம்.

நீராவிக் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. 1840களிலேயே அதற்கான இணைப்புத் தண்டுகள் வந்துவிட்டன. காங்கேசன்துறைப் பாதையில் ஓடிய நீராவி எஞ்சினின் சாரதி புறப்படும்போது நெம்பைத் தள்ளி நீராவியை நெடுநேரம் விடுவார். வேகம் பிடித்ததும் நெம்பை இழுத்து முன்கூட்டியே நிறுத்துவார். பெற்றோல் கார் அந்த வசதிக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 1980 இல் அல்ஃபா ரோமியோவின் ஸ்பைடர் கார்தான் காமின் நேரத்தை மாற்றும் பொறியோடு விற்பனைக்கு வந்த முதல் கார்.

நான் பாட்ஸ்பியோர்ட் போன அதே 1989 இல் யப்பானில் ஹொண்டா இன்னொரு படி ஏறியது. இக்குவோ கஜித்தானி என்ற பொறியியலாளர் 1.6 லீற்றர் எஞ்சினில் 140 குதிரைவலு எடுக்கத் திட்டமிட்டிருந்தார். ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் கவாமொத்தோ, லீற்றருக்கு நூறு கேட்டார். 160 வந்தது. இதுதான் வீ-ரெக். இரண்டு வால்வுக்கு மூன்று காம் மேடுகள், நடுவில் உள்ளது பெரியது. குறித்த சுற்று வந்ததும் எண்ணெய் அழுத்தம் ஓர் ஊசியைத் தள்ளிப் பெரிய மேட்டோடு பூட்டிவிடும். எஞ்சின் சூடேறும்வரை கணினி இதற்கு இடம் கொடாது. சிறிய எஞ்சினில் இவ்வளவு வலு எதற்கு என்கிறீர்களா? யப்பானில் கார் வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான். நோர்வேயிலும் 2006 வரை புதிய காருக்கு அதைக் கணக்கில் எடுத்தார்கள். வரிக்குப் பயந்தவர்களும் இந்த வரலாற்றில் உண்டு!

2003 இல் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணையின் மகன் இந்த எஞ்சின் போட்ட பழைய சிவிக் ஒன்றை வாங்கினான். காம் மாறும் இடத்தைச் சிப்பை மாற்றி 6200 சுற்றில் வைத்தான். "அங்கிள், அப்பதான் உதை பலமாக இருக்கும்" என்றான். தகப்பன் அவனோடு ஒரு கிழமை பேசவில்லை. பிள்ளை எங்கேயாவது கொண்டுபோய் அடிப்பான் என்ற பயம். கடைசியில் மூவரும், சில்லை உருளையில் ஏற்றி வலு அளக்கும் ஒரு கராஜுக்குப் போனோம்.

முதலில் சிறிய காமில் மட்டும் ஓட்டினார்கள், பிறகு பெரியதில் மட்டும். ஒரே தாளில் இரண்டு கோடுகள் வந்தன. ஐயாயிரத்தைக் கொஞ்சம் தாண்டிய இடத்தில் ஒன்றையொன்று வெட்டின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் வர்த்தகத்தில் வரைந்த சமப்பாட்டுப் புள்ளியேதான்! மாற்றம் அந்த இடத்தில் நடந்தால் உதையே தெரியாது. "தம்பி, அந்த உதை இலாபம் இல்லை. அதுவரை நீ இழந்த வலு சட்டென்று திரும்பி வருவதுதான்" என்றேன். பெடியன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அண்ணை தாளைப் பார்க்கவில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ-40 காரை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர் அவர். காபுரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பொறி விழும் நேரத்தைக் காதாலேயே சரிபார்த்த கை. இரண்டாவது ஓட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர், "இந்தா, இதிலதான் சுவாசம் வருது" என்றார். சுற்றுமானியைப் பார்த்தேன். கோடுகள் வெட்டிய இடத்துக்கு நூறு சுற்று அப்படி இப்படித்தான்.

2024 இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்சாரக் கார்கள். அவற்றில் வால்வே இல்லை.

அன்று சிப்பைத் திருத்தி எழுத அரை மணித்தியாலம் சென்றது. அண்ணை முன்மூடியைத் திறந்து எண்ணெய்க் கோலை இழுத்து, விரலில் தேய்த்துப் பார்த்தார். "ஊசியைத் தள்ளுறது இந்த எண்ணெய்தானே? எப்ப மாத்தினனீ?" என்று மகனிடம் கேட்டார். ஒரு கிழமைக்குப் பிறகு அவர் அவனோடு பேசிய முதல் பேச்சு அது.