ஆயாவும் சிஸ்டரும்

ஆஸ்பத்திரிக்குள் போனால் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஊசி போடுகிறவர் சிஸ்டர். பெட்பேன் எடுக்கிறவர் ஆயா. எங்கள் வடமாவட்டச் சேரிகளில் அம்மாவைப் பெற்றவளையும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் இரண்டு பேருமே ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

எங்க ஆயா பிள்ளைப்பேறு பார்த்தவள். சேரியில் எங்கள் தலைமுறைக்கே தொப்புள்கொடி அறுத்த கை அது. ஊர்த்தெருவுக்குத் தனியே மருத்துவச்சி உண்டு. அவளுக்குக் கைமீறிப் போனால் ராத்திரியில் ஆயாவுக்கு ஆள் வரும். தோட்டத்துப் பக்கமாகக் கூட்டிப் போவார்கள். குறுக்கே கிடந்த பிள்ளையைத் திருப்பி எடுத்துக் கொடுத்தவள், விடிந்த பிறகு அந்தப் பிள்ளையைத் தொடக்கூடாது. கூலி ஒரு படி நெல், ஒரு பழைய சேலை. “உசுரு போவும்போது தீட்டு இல்ல. உசுரு வந்துட்டா தீட்டும் கூடவே வந்துடும்” என்று ஆயா சிரித்துக்கொண்டே சொல்லும்.

சித்தி மகள்கள் இரண்டு பேர். பெரியவள் பி.எஸ்சி. நர்சிங் படித்தாள், சின்னவள் லேப் டெக்னீசியன் படிப்பு. தமிழ் எம்.ஏ. படித்த நான் பெரியவளின் பாடப்புத்தகத்தை வாங்கி, எங்க ஆயாவின் கை எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்ததெல்லாம் வேறு. 1664ல் சிப்பாய்களுக்காகச் சென்னைக் கோட்டையில் கம்பெனி திறந்த ஆஸ்பத்திரி. 1854ல் சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளி. 1871ல் பொது மருத்துவமனையில் நர்சுகளுக்குப் பயிற்சி. 1909ல் வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய நர்சிங் பள்ளி. 1926ல் சென்னை மாகாண நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம். அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டுமானால் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். அப்படி ஒரு பதிவேடு இருந்ததே ஆயாவுக்குக் கடைசிவரை தெரியாது.

இந்தப் படிப்பு வந்த காலத்தில் ஆதிக்க சாதிக் குடும்பங்கள் தங்கள் பெண்களை இதற்கு அனுப்பவில்லை. ரத்தம், சீழ், மலம், அந்நிய ஆணின் உடம்பு எல்லாமே அவர்களுக்குத் தீட்டு. ஐரோப்பியப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும் கைவிடப்பட்ட விதவைகளுமே வந்தார்கள். மதம் மாறிய சேரிக் குடும்பத்துப் பெண்களில் சிலருக்கு மிஷன் ஆஸ்பத்திரி முதல் பள்ளிக்கூடமாகவும் ஆனது. ஜோசப் போர் தலைமையிலான குழு 1946ல் கொடுத்த அறிக்கையின் கணக்குப்படி 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். இந்தப் பஞ்சத்துக்குக் காலனி ஆட்சியின் அலட்சியம் ஒரு காரணம். சாதி இன்னொரு காரணம் என்று நான் சொல்கிறேன். நோயாளியைத் தொடுவதே இழிவு என்று நினைக்கிற சமூகத்தில் நர்ஸ் எங்கிருந்து வருவாள்?

அதே 1946ல் வேலூரிலும் தில்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. 1988 முதல் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புகளுக்கென்றே எம்.ஜி.ஆர். பெயரில் பல்கலைக்கழகம் இயங்குகிறது. பட்டம், சம்பளம், வெளிநாட்டு வேலை என்று ஆனதும் தீட்டு எங்கேயோ போய்விட்டது. இப்போது சீட்டுக்குப் போட்டி. தலித்துகளுக்கான 18 சதவீத இடஒதுக்கீடு இல்லையென்றால் சித்தி மகள்கள் அந்த வாசலை மிதித்திருக்க முடியாது. ஆனால் வார்டைக் கூட்டுகிறவர்களும் கழிவறை கழுவுகிறவர்களும் இன்றும் பெரும்பாலும் நம் சனங்கள்தான், அதிலும் அருந்ததியர்கள். அவர்களுக்கு உள்ஒதுக்கீடாக 3 சதவீதம் கிடைக்கவே 2009 ஆயிற்று. நம் இயக்கங்களும் அவர்களைக் காக்க வைத்தோம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சின்னவள் சொன்ன இரண்டு சம்பவங்களைப் பதிவு செய்கிறேன். செய்முறை வகுப்பில் மலப் பரிசோதனை. கூடப் படித்தவள் ஒருத்தி, “உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே” என்று தன் ஸ்லைடையும் இவள் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறாள். இவள் அழவில்லை. “ரெண்டையும் பாத்தேன்க்கா. கொக்கிப்புழு முட்டையக் கண்டுபுடிச்சது நான்தான்” என்றாள்.

இரண்டாவது, கல்லூரி முகாம் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தபோது நடந்தது. விரல் நுனியில் எடுத்த ரத்தத்தை அமிலத்தில் கலப்பார்கள். அது பழுப்பாகும். பக்கத்திலுள்ள கண்ணாடியின் நிறத்துக்கு ஒத்துவரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஹீமோகுளோபினை அளப்பார்கள். சாலி முறை என்று பெயர். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை. வரிசையில் நின்ற சித்திக்கு, பெற்ற மகளே அளந்து பார்த்தாள். 7 கிராம். அந்த உடம்போடுதான் சித்தி நாற்று நட்டது, இவர்களைப் படிக்க வைத்தது.

கொக்கிப்புழு செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் என்று அவள் பாடத்தில் இருக்கிறது. கழிப்பறை இல்லாத இடத்து மண்ணில்தான் அது பெருகும். ஊர்த்தெருவில் நாம் செருப்புப் போடக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது யார், சேரிக்குக் கழிப்பறை வராமல் பார்த்துக்கொண்டது யார் என்பது அந்தப் பாடத்தில் இல்லை. அந்த இரண்டாவது பாடத்தை அவள்தான் எழுத வேண்டும். ஸ்லைடைத் தள்ளிவிட்டவளுக்கு அது தெரியப்போவதில்லை.

நர்சிங்கும் லேப் படிப்பும் படிக்கிற நம் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். வார்டில் பார்த்ததை எழுதுங்கள். உங்கள் ஆயாக்கள் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்க ஆயா குறுக்கே கிடந்த பிள்ளையை எப்படித் திருப்பியது என்று நான் கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்பதற்கு இப்போது ஆயா இல்லை.